முப்பத்தேழாம் எண் கேசட்

"ரசீது வெச்சுட்டுப் போற திருடனை இப்பத்தான் அண்ணி பாக்கறேன்."

"கையால தொடாதே. படி."

"'முப்பத்தேழு. பழுது. எடுக்கப்பட்டது.' கீழ புதன்கிழமை தேதி. பேர் மட்டும் இல்ல. ரொம்பக் கூச்ச சுபாவம் போல."

"பேனாவா, பென்சிலா?"

"பென்சில்தான். வாசல்லயே என் பேனாவைப் பிடுங்கி வெச்சுக்கிட்டாங்களே. இந்த ரூமுக்குள்ள பேனா கொண்டுவர்றது கத்தி கொண்டுவர்ற மாதிரியாம்."

இப்படி வாயாடியவனை எல்லோரும் ஒட்டடை என்றுதான் கூப்பிடுவார்கள். ஒட்டடைக்குச்சி என்று முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. ஆறடிக்கு மேல் உயரம். அந்த உடம்பில் சதை என்று சொல்லத்தக்கது நாக்கு ஒன்றுதான். ஒரு காலத்தில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தான். உலகம் கேசட்டை மறந்தபோது கடையும் போனது. மூன்று வருடத்துக்கு முன் அண்ணன் இறந்துபோனான். அண்ணன் நடத்திய துப்பறியும் அலுவலகத்தின் சாவியை எடுத்துக்கொண்டு அண்ணி ஒருநாள் காலையில் பேசாமல் படியிறங்கியபோது, செருப்பை மாட்டிக்கொண்டு இவனும் பின்னாலேயே கிளம்பினான். அன்றிலிருந்து அவள் யோசிப்பாள், இவன் பேசுவான். வீட்டில் விழுந்த மௌனத்தை யாராவது நிரப்ப வேண்டுமே.

இப்போது இருவரும் நின்றுகொண்டிருந்தது ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஆவணக் காப்பக அறையில். மேசை மேல் சாம்பல் நிற அட்டைப் பெட்டி ஒன்று திறந்திருந்தது. உள்ளே வரிசையாக அறுபது வரை எண் போட்ட கேசட்டுகள். முப்பத்தாறுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவில், பல் விழுந்த இடம் போல ஒரு சந்து. அந்தச் சந்தில்தான் சீட்டு செருகியிருந்தது.

"இது எங்க வழக்கம்" என்றார் தலைமை நூலகர். கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அம்மாள். "பெட்டியிலேர்ந்து எதை எடுத்தாலும் அந்த இடத்துல சீட்டு வெக்கணும். என்ன, எப்போ, ஏன், யார். பயிற்சிக்கு வர்ற மாணவங்களுக்கு முதல் நாள் பாடமே இதுதான்."

"பாடம் நல்லாவே ஏறியிருக்கு மேடம்" என்றான் ஒட்டடை. "திருடும்போதுகூட மறக்கல."

"கையெழுத்து?" என்று கேட்டாள் அண்ணி.

"பிரயோஜனம் இல்ல. லேபிள்ல யார் எழுதினாலும் ஒரே மாதிரி இருக்கணும்னு எங்க ஆவணக் காப்பாளர் எல்லாருக்கும் ஒரே எழுத்தைத்தான் பழக்குவார். ஆறு மாணவங்க எழுத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, எது தன்னோடதுன்னு அவங்களுக்கே தெரியாது."

விஷயம் இதுதான். இருபது வருடத்துக்கு முன் இந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர்களை, வாசல் காவலர், தோட்டக்காரர், ஆய்வுக்கூட உதவியாளர் என்று ஒருவர் விடாமல் உட்கார வைத்துப் பேசச் சொல்லி, அந்தப் பேச்சைக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார்கள். வேறு பிரதி கிடையாது. இந்த வருடம் ஆறு மாணவர்கள், ஆறு வாரம், இன்டர்ன்ஷிப். காப்பாளரின் கீழ் உட்கார்ந்து ஒவ்வொரு கேசட்டாகக் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர்கள் வேலை. வியாழக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்தால் முப்பத்தேழு இல்லை. இன்றைக்கு வெள்ளி.

"முப்பத்தேழுல யார் பேசறாங்க?"

"பைண்டிங் பிரிவுல இருந்த ஒரு பொண்ணு. பேசிப் பதிஞ்ச மூணே மாசத்துல இறந்துட்டா." நூலகர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பயிற்சிக்கு வந்திருக்கற பொண்ணு ஒருத்தி அவளோட மகளாம். விண்ணப்பத்துல சொல்லவே இல்ல. நேத்துத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. அந்தப் பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கறதும் அவதான். வேற என்ன வேணும் விசாரணைக் குழுவுக்கு? நாலு மணிக்குக் கூடுறாங்க. அதுக்குள்ள கேசட் வரலைன்னா அவளைப் பயிற்சியிலேர்ந்து நீக்கிருவாங்க. கடைசி வருஷம். இந்தச் சான்றிதழ் இல்லாம அவளுக்குப் பட்டம் கிடையாது."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"நான் நினைக்கறதைக் குழு கேக்காது. அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன்."

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு இருபது.

அந்தப் பெண் படிப்பறையின் கோடி மேசையில் தனியாக உட்கார்ந்து, பழைய புகைப்படங்களுக்கு நடுவில் மெல்லிய வெள்ளைத் தாளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தாள். மற்ற ஐந்து பேரும் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். நேற்று வரை ஒரே மேசைதான் என்பதைக் காலியாகக் கிடந்த நாற்காலிகளே சொல்லின. கொண்டையில் ஒரு பென்சிலைக் குத்தியிருந்தாள். கூடப் படிப்பவர்கள் அவளைப் பென்சில் என்றுதான் அழைப்பார்களாம்.

அண்ணி எதிரே நாற்காலியை இழுத்தாள்.

"நான் எடுக்கல" என்றாள் பென்சில், தலையைத் தூக்காமல்.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. முன்னாடியே சொல்லிட்டா உங்களுக்கு நேரம் மிச்சம்."

ஒட்டடைக்கு அவளை அந்த நொடியே பிடித்துப்போனது. "அண்ணி, நம்ம ஆபீஸ்ல ஒரு இடம் காலியா இருக்குல்ல?"

"உன் இடம்தான் காலியாகும், சும்மா இரு." அண்ணி அவள் பக்கம் திரும்பினாள். "அம்மா குரல்னு ஏம்மா முதல்லயே சொல்லல?"

"சொன்னா ஒண்ணு வேண்டாம்னு அனுப்பிருவாங்க. இல்லன்னா பாவம்னு சேர்த்துக்குவாங்க. எனக்கு ரெண்டும் வேண்டாம்." வெள்ளைத் தாளின் மூலையை நகத்தால் நீவினாள். "அம்மா போறப்ப எனக்கு ஒண்ணேகால் வயசு. சித்திதான் வளர்த்தாங்க. என் குரல் அப்படியே அம்மா குரல்னு சித்தி சொல்லுவாங்க. அதனால சின்ன வயசுல கதவைச் சாத்திக்கிட்டு எனக்கு நானே பேசிக்குவேன். 'எந்திரிம்மா, நேரமாச்சு. சாப்பிட்டியாம்மா.' அம்மா கூப்பிடற மாதிரி." கொஞ்சம் நிறுத்தினாள். "அது சரியான்னு ஒரு தடவை பாக்கணும். அவ்வளவுதான் மேடம். அதுக்குத்தான் வந்தேன்."

ஒட்டடை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஊர்க்காரர் பாட்டையெல்லாம் பதிந்து கொடுத்தவன் அவன். யார் வீட்டுக் குழந்தையின் மழலையோ, யார் வீட்டுக் கல்யாணத்துப் பேச்சோ, எல்லாம் அவன் கடையில் இருந்தன. அண்ணன் குரல் மட்டும் ஒரு கேசட்டிலும் இல்லை. பக்கத்து அறையில் இருக்கிறவனை யார் பதிந்து வைப்பார்கள்?

"முப்பத்தேழை முன்னாடியே கேட்டுப் பாத்தியா?" என்றாள் அண்ணி.

"முதல் நாளே கேட்டேன். வரிசை தாண்டக் கூடாதுன்னு காப்பாளர் சார் சொல்லிட்டார். ஒரு நாளைக்கு ரெண்டு கேசட். ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சோம்." அவள் ஒரு தாளை நகர்த்தினாள். பென்சிலால் போட்ட கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு டிக். புதன்கிழமைக் கட்டத்தில் முப்பத்தைந்தும் முப்பத்தாறும். வியாழக்கிழமைக் கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம். "பதினெட்டு நாள் எண்ணிக்கிட்டே இருந்தேன். வியாழக்கிழமை காலையில புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்தேன். பெட்டியைத் திறந்தா சீட்டு."

நடைக்கு வந்ததும் ஒட்டடை சொன்னான்: "இந்தப் பொண்ணு எடுக்கல."

"எப்படிச் சொல்றே?"

"புதுச் சட்டை."

"நான் சொல்ல வந்ததும் அதேதான், ஆனா குழு முன்னாடி எடுபடற மாதிரி சொல்லணும்." அண்ணி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மறுநாள் காலையில தானா கைக்கு வரப்போறதை முந்தின நாள் எதுக்குத் திருடணும்? அவளுக்கு வியாழக்கிழமை வரணும். வியாழக்கிழமை வரவே கூடாதுன்னு வேற யாருக்கோ இருந்திருக்கு. அப்புறம் அந்தச் சீட்டு. பழுதுன்னு எழுதியிருக்கு. அந்தப் பொண்ணு இன்னும் கேக்கவே இல்லாத கேசட் பழுதுன்னு யாருக்குத் தெரியும்?"

"கேட்டவங்களுக்கு."

"உன் நாக்கைவிடக் காது பரவாயில்ல. வா, காணாமப் போனவனைப் பத்திப் பக்கத்து வீட்டுல விசாரிப்போம்."

பக்கத்து வீடு என்றால் முப்பத்தாறும் முப்பத்தெட்டும். ஒட்டடை இரண்டையும் எடுத்தான். எத்தனையோ வருடம் கழித்தும் விரல்களுக்கு அந்தக் கனம் ஞாபகம் இருந்தது. கேசட்டின் மேல் விளிம்பில், இரண்டு கோடியிலும் சின்னதாகப் பல் மாதிரி ஒரு தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால், அதன் மேல் வேறு எதையும் பதிய முடியாது. இரண்டிலும் உடைத்திருந்தது. பெட்டி முழுக்கப் பார்த்தான். ஐம்பத்தொன்பதும் பொக்கை.

கேசட் பிளேயருக்கு மேல் சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதிய பெரிய எழுத்து: "வெளியே எடுத்த அடுத்த நொடி பல்லை உடை. மாலையில் அல்ல. நாளை அல்ல."

"இப்ப யார் மேடம் கேசட்ல பதியறா? கம்ப்யூட்டர்லதானே ஏத்தறாங்க" என்றான் ஒட்டடை.

"எனக்கும் புரியல. அது காப்பாளரோட பிடிவாதம். வருஷா வருஷம் புது மாணவங்க வந்ததும் முதல்ல அந்த அட்டை முன்னாடி நிறுத்திருவார். சார் முன்ஜென்மத்துல பல் டாக்டர்னு பசங்க கிண்டல் பண்ணுவாங்க."

அண்ணி அட்டையை இரண்டு முறை படித்தாள். சிரிக்கவில்லை. "முப்பத்தெட்டுல என்ன இருக்குன்னு பதிவேட்டுல பாருங்க."

பழைய பதிவேட்டில் இருந்தது. முப்பத்தேழு: பைண்டிங் பிரிவு ஊழியர், பிற்பகல் இரண்டு மணி, நாற்பத்தைந்து நிமிடம். அதற்குக் கீழேயே, அதே தேதியில், முப்பத்தெட்டு: சிறப்புச் சொற்பொழிவு, மூன்று மணி, நாற்பத்து நான்கு நிமிடம். ஒட்டடை முப்பத்தெட்டைப் பிளேயரில் போட்டான்.

ஓடியது. தூரத்து மழை போல ஒரு இரைச்சல். அவ்வளவுதான். நடுவில் நிறுத்திக் கேட்டான். கடைசியில் கேட்டான். திருப்பிப் போட்டும் கேட்டான். மனிதச் சத்தம் ஒரு பொட்டுகூட இல்லை.

"அழிஞ்சு போச்சா?" என்று பதறினார் நூலகர்.

"அழிஞ்ச கேசட் முணுமுணுக்கும் மேடம், எங்கேயாவது ஒரு இருமலாவது மிஞ்சும். இதுல யாரும் பேசவே இல்ல. கடையிலேர்ந்து வாங்கி வந்த மாதிரியே இருக்கு." ஒட்டடை கேசட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "அண்ணி, வெறும் கேசட்டுக்கு யாராவது பல்லை உடைப்பாங்களா? ஒண்ணுமே இல்லாத வீட்டுக்கு எதுக்குப் பூட்டு?"

"உள்ள ஏதோ இருக்குன்னு வெளிய இருக்கறவங்க நம்பணுமே, அதுக்கு." அண்ணி பதிவேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதையெல்லாம் பதிஞ்சது யாருங்க?"

"அதுவும் பயிற்சி மாணவங்கதான். எங்க முதல் பேட்ச்."

"அதுல யாராவது இப்ப இங்க இருக்காங்களா?"

நூலகரின் கை கண்ணாடியைத் தேடிப்போய், பாதி வழியில் நின்றது. "காப்பாளர்" என்றார்.

அண்ணி பதிவேட்டை மூடினாள்.

"பழுதுன்னு சீட்டு எழுதினா, அந்தப் பொருளை எங்க வைப்பீங்க?" என்றாள் அண்ணி.

"நடைக் கோடியில பழைய பைண்டிங் ரூம் இருக்கு. அங்க பழுதுத் தட்டு."

"அங்க தேடினீங்களா?"

"மாணவங்க பை, லாக்கர், ஹாஸ்டல் ரூம்னு எல்லாம் தேடினோம்..."

"பழுதுத் தட்டுல?"

நூலகர் நடைக் கோடியை எட்டிப் பார்த்தார்.

"திருடன் எழுதி வெச்சதை யார் அண்ணி நம்புவா?" என்றான் ஒட்டடை.

"வாழ்க்கையில ஒரே ஒரு தடவை, இந்த முப்பத்தெட்டுல, பொய் எழுதினவர். மறுபடி எழுத அவருக்குக் கை வந்திருக்காது." அவள் நூலகரிடம் சொன்னாள்: "நீங்க மாடிக்குப் போங்க. குழுவைக் கொஞ்சம் தாமதிக்கச் சொல்லுங்க. தம்பி, அந்தப் பிளேயரைத் தூக்கு."

மணி மூன்று நாற்பது.

பைண்டிங் அறையில் பசை வாசனை. ஓர் ஓரத்தில் இரும்புத் திருகு வைத்த அழுத்துப்பொறி. ஆணியில் வெள்ளை நூல் கண்டுகள். மேசையில், முதுகு கிழிந்த ஒரு தடித்த புத்தகத்துக்குக் காப்பாளர் தூரிகையால் பசை தடவிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியிருப்பார். காதோரம் மட்டும் நரைத்த, சாதுவான முகம். இவர்களைப் பார்த்ததும் தூரிகை நின்றது. பிறகு, பாதியில் விட்டால் பசை காய்ந்துவிடும் என்பது போல, அந்த ஓரத்தைத் தடவி முடித்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

அவருக்குப் பின்னால் அலமாரியில் ஒரு மரத்தட்டு. அதில் காகித உறைக்குள், யார் கண்ணுக்கும் மறைக்காமல், கேசட் இருந்தது. எண் முப்பத்தேழு.

"வருவீங்கன்னு தெரியும்" என்றார். "இவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கல."

"ரசீது நம்பற மாதிரி இல்ல சார்" என்றான் ஒட்டடை. சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்றிருந்தது.

"உக்காருங்க" என்றாள் அண்ணி. காப்பாளர் உட்காரவில்லை.

"எனக்கு அப்ப இருபது வயசு. பையில ரெண்டு கேசட். ஒண்ணுல அந்தக்கா பேசினது, இதே ரூம்ல, இதே மேசையில. ஆரம்பத்துக்குச் சுத்தி வெச்சு, லேபிள்கூட ஒட்டிட்டேன். இன்னொண்ணு புதுசு. திடீர்னு ஆள் வந்து, ஹால்ல சொற்பொழிவு ஆரம்பிக்கப்போகுது, உடனே வாங்கன்னு இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. பல்லைச் சாயங்காலம் மொத்தமா உடைச்சுக்கலாம்னு நினைச்சேன். ஹால்ல விளக்கை அணைச்சிருந்தாங்க. கைக்கு வந்ததைப் போட்டேன்." உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "முடிஞ்சு வெளிய எடுத்தப்பதான் லேபிளைப் பார்த்தேன்."

"சொற்பொழிவு எதைப் பத்தி?"

"பழைய ஆவணங்களைப் பாதுகாப்பது எப்படி."

ஒட்டடையின் நாக்கு நுனியில் மூன்று ஜோக் வந்து நின்றது. மூன்றையும் விழுங்கினான்.

"அடுத்த வாரம் போய் மறுபடி பேசச் சொல்லிப் பதிஞ்சுடலாம்னு இருந்தேன். நடுவுல பரீட்சை வந்துது. நான் போனப்ப அவங்க லீவு. அப்புறம் ஆஸ்பத்திரின்னாங்க. அப்புறம்..." அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "புதுக் கேசட்டுல முப்பத்தெட்டுன்னு எழுதிப் பல்லை உடைச்சேன். பெட்டியில எண்ணிக்கை சரியா இருக்கணுமே. யார் வந்து கேக்கப்போறாங்கன்னு நினைச்சேன். இருபது வருஷம் யாரும் கேக்கல. இந்த வருஷம் முதல் நாள் ஒரு பொண்ணு வந்து, 'சார், முப்பத்தேழு எப்ப வரும்'னு கேட்டா. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். வேற யாரும் சொல்லத் தேவையில்லாமப் போச்சு."

"பதினெட்டு நாள் இருந்துச்சே. அவகிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"தினமும் சொல்லிடணும்னுதான் வருவேன். ரெண்டு கேசட் முடிச்சு அவ டிக் போடுவா. நாளைக்குன்னு விட்டுருவேன்."

"அதனால பழி அவ தலையில விழுந்துது." அண்ணியின் குரல் உயரவில்லை. அதுதான் ஒட்டடைக்குப் பயம். "உங்களுக்கு அது தெரியும். நேத்து பூரா தெரியும்."

"பழுதுன்னு எழுதினா பழுதுன்னு விட்டுருவாங்கன்னு நினைச்சேன் மேடம். காணோம்னு கத்துவாங்கன்னு நினைக்கல. கத்தினப்ப வாய் வரல." சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். "நாலு மணிக்குக் கொடுக்கணும்னு எழுதி வெச்சிருக்கேன்."

அண்ணி பிரித்துப் படித்தாள். நான்கு வரி. எல்லாம் உள்ளபடி இருந்தது. கீழே இந்த முறை பெயரும் இருந்தது. அவள் அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"பேனாவால எழுதுங்க."

"இங்க பேனா..."

"வெளிய போய் எழுதுங்க. இது அழியக்கூடாது."

இவ்வளவு நேரமும் ஒட்டடை அந்தக் கேசட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது உறையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். டேப் பூராவும் வலதுபக்கச் சக்கரத்தில் சுற்றியிருந்தது. இடதுபக்கம் காலி.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? இது கடைசி வரைக்கும் ஓடியிருக்கு. யாரோ முழுசாக் கேட்டிருக்காங்க."

காப்பாளர் பசைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"ஒரு சொற்பொழிவைக் கடைசி வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க சார். பேசினவரே கேக்க மாட்டார். பதிவேட்டுல நீங்க எழுதியிருக்கீங்க, நாற்பத்து நாலு நிமிஷம்னு. கேசட்ல ஒரு பக்கம் நாற்பத்தஞ்சு ஓடும். அந்தக்கா பேச்சு கேசட் முடியற வரைக்கும் போயிருக்கு. மிச்சம் ஒரு நிமிஷம் மேல யாரும் எதையும் பதியல. அதுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கு?"

கேட்டது வாசலிலிருந்து. பிளேயரைத் தூக்கிக்கொண்டு ஒட்டடை நடையில் போனதைப் பார்த்துப் பென்சில் பின்னாலேயே வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாள், எதிலிருந்து கேட்டாள் என்று யாருக்கும் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டவள் போலத்தான் இருந்தது.

காப்பாளர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"பாப்பா" என்றான் ஒட்டடை, "அந்தப் பென்சிலைக் கொடு. மெஷின்ல பின்னாடி ஓட்டினா பழசு அறுந்தாலும் அறுந்துரும்."

அவள் கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். முடி தோளில் சரிந்தது. ஒட்டடை பென்சிலை இடதுபக்க ஓட்டையில் செருகி, ஒவ்வொரு சுற்றாகச் சுற்றினான். கடையில் ஒரு நாளைக்கு நூறு கேசட் இப்படிச் சுற்றியிருக்கிறான், சினிமா பேசிக்கொண்டே. இன்றைக்கு எண்ணினான். நாற்பது. இன்னும் இரண்டு சேர்த்துச் சுற்றினான். பிளேயரில் வைத்துப் பட்டனை அழுத்தினான்.

"...ஆகவே, எதிர்காலத் தலைமுறையினருக்காக இவற்றைப் பேணிக் காப்பது நம் ஒவ்வொருவரின் கடமை என்று கூறி, இந்த நல்ல வாய்ப்பை அளித்தவர்களுக்கு நன்றி சொல்லி..." கனமான ஆண்குரல். கைதட்டல். நன்றிக்கே இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். ஒட்டடை பல்லைக் கடித்தான். முடிய்யா, முடி. பிறகு ஒரு 'டக்'.

மழை இரைச்சல். இளசான ஒரு பையன் குரல், பாதியில் ஆரம்பித்தது:

"...இத்தனை புஸ்தகம் தைச்சிருக்கீங்களேக்கா, அதுல ஒண்ணாவது படிச்சிருக்கீங்களா?"

ஒரு பெண் சிரித்தாள். கொஞ்சம் கரகரத்த, தடித்த, அவசரக் குரல்.

"ஏன், பசை தடவறவ படிக்கக்கூடாதா? ஒண்ணு படிச்சேன் தம்பி. தைக்கறப்ப நடுவுல ரெண்டு வரி கண்ணுல பட்டுச்சு, விட முடியல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ட்டு மறுநாள் திருப்பி வெச்சேன், யார்கிட்டயும் சொல்லிடாதே. இப்ப தினமும் அதைத்தான் பாப்பாவுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன். அதுக்கு என்னத்தைப் புரியுமோ, கெக்கெக்கேன்னு சிரிக்குது. புஸ்தகத்தோட பேரா? இரு, கை பூரா பசை. துடைச்சிட்டு வந்து சொல்றேன்."

ஸ்டூல் நகரும் சத்தம். காலடிகள், தூரப் போகின்றன. எங்கோ தண்ணீர்க் குழாய் திறக்கிறது.

டப்பென்று பட்டன் மேலே வந்தது. கேசட் முடிந்துவிட்டது.

அண்ணி ஒட்டடையின் முழங்கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று அவனுக்குத் தெரியாது. விரல்கள் எலும்பில் இறங்கியிருந்தன. அவனும் கையை எடுக்கவில்லை.

"என் குரல் மாதிரி இல்லவே இல்ல" என்றாள் பென்சில், மெல்லிய குரலில். சிரிக்கிற மாதிரிதான் ஆரம்பித்தாள். "கொஞ்சங்கூட இல்ல. சித்தி பொய் சொல்லியிருக்காங்க. இத்தனை நாள் நான் வேற யார் மாதிரியோ பேசிக்கிட்டிருந்தேன்."

மேலே நூலகத்தில் யாரோ புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கூரை வழியாக அந்தச் சக்கரச் சத்தம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய் அடங்கியது. மூன்று மாடி. எத்தனை லட்சம் புத்தகம் என்று வாசலில் நூலகர் பெருமையாகச் சொன்னது ஒட்டடைக்கு ஞாபகம் வந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பாளருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார். அம்மா கை துடைச்சிட்டு வந்தாங்களா?"

அவர் தலையசைத்தார். "வந்தாங்க."

"பேர் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. கதையே சொன்னாங்க. ரொம்ப நேரம்." அவருடைய உதடு கோணியது. "கேசட் முடிஞ்சதை நான் பாக்கல. பதிவாகிட்டிருக்குன்னு நினைச்சு, எதையும் எழுதிக்காம, சும்மா கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன்."

நடையில் யாரோ வேகமாக வரும் காலடிச் சத்தம் கேட்டது. நாலு மணி. மாடியில் குழு உட்கார்ந்துவிட்டிருக்கும். காப்பாளர் கையில் அந்த நாலு வரித் தாள் இன்னும் இருந்தது. அண்ணி போய்க் கதவைச் சாத்தி, அதன் மேல் சாய்ந்து நின்றாள்.

பென்சில் மேசையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். ஒட்டடையிடம் கையை நீட்டினாள். அவன் பென்சிலைக் கொடுத்தான்.

"எந்தப் புஸ்தகம் சார்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவசரம் இல்ல சார், யோசிங்க." அவள் காத்திருந்தாள். பசைக் கிண்ணத்தின் மேல் மெல்ல ஆடை படிந்தது. "கதையில ஒரு இடமாவது ஞாபகம் இருக்கா? நான் எதுக்குச் சிரிச்சேன்னு ஏதாவது சொன்னாங்களா?"

அவர் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

அவள் ஸ்டூலை முன்னால் இழுத்து, பென்சில் முனையைச் சீட்டில் வைத்தாள்.

"சரி, பேர் வேண்டாம் சார். அட்டை என்ன நிறம்? அதை மட்டும் சொல்லுங்க."